காதல் நாவல்தான், ஆனாலும் வாசிக்கக் கொடுங்கள்



காதல் நாவல் என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது, கெத்தரின் மார்ஷலின் 'கிறிஸ்டி'யை (1967) ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்றுதான். 1912இல், அமெரிக்காவின் டென்னசி மலைக்குள் ஒரு குக்கிராமத்துக்குப் படிப்பிக்கப் போகிறாள் 19 வயது கிறிஸ்டி. தபால்காரரோடு பனியில் ஏழு மைல் நடை. ஒரே அறையில் அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பலருக்குக் காலில் செருப்பில்லை, குளிக்காத உடம்பு நாற்றம் வேறு. திரும்பிப் போய்விடவே நினைக்கிறாள்.

கஷ்டப் பிரதேசத்தில் முதல் நியமனம் கிடைத்த நம்மில் யார்தான் முதல் கிழமையே இடமாற்றத்தைப் பற்றி யோசிக்கவில்லை? நாங்கள் போனால் அந்த வகுப்புக்கு வேறு ஆள் லேசில் வராது என்பதும் நமக்குத் தெரியும்.

போதகர், வைத்தியர் இருவருமே அவளை விரும்புகிறார்கள். எங்களைப் பிடித்து வைத்தது அதுவல்ல, ஊரில் நெருப்புக்காய்ச்சல் பரவும் பகுதி. அவள் ஓடவில்லை. நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துத் தானும் படுக்கையில் விழுகிறாள்.

எழுத்தாளரின் தாயார் லியோனோராவின் வாழ்க்கையைத் தழுவிய கதை இது. நிஜத்தில் அவர் மணந்தது போதகரை. மகளோ நாவலில் வைத்தியர் பக்கம் சாய்ந்துவிட்டார்! உம்மாவிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ.

ஓ.எல். எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகள்மாருக்குக் கொடுங்கள். மலைவாசிகளின் ஆங்கிலப் பேச்சு கொஞ்சம் கஷ்டம், பக்கத்தில் இருந்து சேர்ந்து வாசியுங்கள்.