கலவைக் கணக்கு: ஐந்து நாள் குறிப்புகள்

திங்கள்

கலவைக் கணக்கில் முதலில் தேட வேண்டியது மாறாத அளவை. 30 சதவீத அமிலக் கரைசல் 2 லிட்டர் இருந்தால், அதில் தூய அமிலம் 0.6 லிட்டர். தண்ணீர் சேர்த்தால் செறிவு குறையும், மொத்த அளவு கூடும், அந்த 0.6 லிட்டர் அமிலம் அப்படியே இருக்கும். கலப்பதற்கு முன் பாத்திரங்களில் தனித்தனியாக இருந்த கரைபொருளின் கூடுதல், கலந்த பின் இருக்கும் கரைபொருளுக்குச் சமம். சமன்பாடு பிறக்கும் இடம் இதுதான். சதவீதங்களை நேரடியாகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் அதற்குரிய அளவால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

செவ்வாய்

இன்றைய கணக்கு: 20 சதவீதக் கரைசலையும் 50 சதவீதக் கரைசலையும் கலந்து 30 சதவீதக் கரைசல் 12 லிட்டர் தயாரிக்க வேண்டும். 20 சதவீதக் கரைசலின் அளவு க லிட்டர் என்றால், மற்றது 12 − க லிட்டர். தேவையான கரைபொருள் 12 × 0.30 = 3.6 லிட்டர்.

0.20க + 0.50(12 − க) = 3.6

6 − 0.30க = 3.6; எனவே க = 8. முதல் கரைசல் 8 லிட்டர், இரண்டாவது 4 லிட்டர். சரிபார்க்க: 1.6 + 2.0 = 3.6.

புதன்

தண்ணீரின் செறிவு 0, தூய பொருளின் செறிவு 100 சதவீதம். இதை நினைவில் வைத்தால் நீர்த்தல் கணக்குக்கும் அதே சமன்பாடு போதும். 40 சதவீதக் கரைசல் 5 லிட்டரை 25 சதவீதமாக்க, கரைபொருள் 2 லிட்டர் என்பதால் மொத்தம் 2 ÷ 0.25 = 8 லிட்டர் வேண்டும்; சேர்க்க வேண்டிய தண்ணீர் 3 லிட்டர்.

மாற்றி நிரப்பும் கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும். 30 சதவீதக் கரைசல் 10 லிட்டரில் க லிட்டரை வடித்துவிட்டு, அதே அளவு தூய பொருளை ஊற்றி 44 சதவீதமாக்க வேண்டும் என்று கொள்வோம். வடியும் திரவத்தோடு 0.3க கரைபொருளும் வெளியேறுகிறது. ஆகவே 3 − 0.3க + க = 4.4; க = 2.

விடை நடக்கக்கூடியதா என்பதையும் பார்க்க வேண்டும். கலவையின் செறிவு எப்போதும் இரண்டு கரைசல்களின் செறிவுகளுக்கு இடையில்தான் அமையும். செவ்வாய்க்கிழமைக் கணக்கில் 60 சதவீதம் கேட்டால் க = −4 என்று வரும்; அப்படியொரு கலவை சாத்தியமில்லை என்பதே அதன் பொருள்.

வியாழன்

செவ்வாய்க்கிழமைக் கணக்கைச் சமன்பாடின்றியும் தீர்க்கலாம். 30க்கும் 20க்கும் வித்தியாசம் 10; 50க்கும் 30க்கும் வித்தியாசம் 20. இவற்றைத் தலைகீழாக மாற்றி எழுதினால் 20 : 10, அதாவது 2 : 1. 12 லிட்டரை இப்படிப் பங்கிட்டால் 8, 4. இலக்குக்கு அருகிலுள்ள கரைசல் அதிகமாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் வேண்டும்.

பொன் கணக்கிலும், அளவால் பெருக்கிக் கூட்டும் திங்கட்கிழமை விதிதான். பாஸ்கராச்சாரியர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய லீலாவதியில் 13, 12, 11, 10 மாற்று (தூய்மை அளவு) உள்ள பொன் முறையே 10, 4, 2, 4 மாஷ எடையில் உருக்கப்படுகிறது. பெருக்கிக் கூட்டினால் 130 + 48 + 22 + 40 = 240. மொத்த எடை 20. கலவையின் மாற்று 12. புடம்போட்டு 16 மாஷமாகக் குறைந்தால், 240ஐ 16ஆல் வகுத்து மாற்று 15 என்று பெறலாம். அழுக்குதான் கழிகிறது, பொன் கழிவதில்லை என்பதால் 240 மாறாமல் நிற்கிறது.

வெள்ளி

கைச்சுத்திகரிப்பான் தயாரிக்க உலகச் சுகாதார நிறுவனம் தரும் செய்முறைகளில் ஒன்று, 96 சதவீத எத்தனால் 8,333 மில்லிலிட்டரில் தொடங்குகிறது. அதிலுள்ள தூய எத்தனால் ஏறத்தாழ 8,000 மில்லிலிட்டர். மொத்தம் 10 லிட்டரானால் செறிவு 80 சதவீதம். உடன் சேரும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லிலிட்டர், இறுதியில் 0.125 சதவீதமாகிறது.

இவ்வளவு தண்ணீர் ஊற்றுக என்று சொல்லாமல், மொத்தம் 10 லிட்டர் வரும்வரை ஊற்றுக என்கிறது அந்தச் செய்முறை. எத்தனாலும் தண்ணீரும் கலக்கும்போது கன அளவு சுருங்குவதால் இந்த முறையே சரியான செறிவைத் தரும். இரண்டிலும் 50 மில்லிலிட்டர் கலந்தால் சுமார் 96 மில்லிலிட்டர்தான் கிடைக்கும். பாடநூல் கணக்குகள் லிட்டர்கள் அப்படியே கூடும் என்று எடுத்துக்கொள்கின்றன. பல நீர்த்த கரைசல்களுக்கு அது போதுமான துல்லியம் தரும். எடைகளோ எந்தக் கலவையிலும் சரியாகக் கூடும். ஆகவே கொடுத்த சதவீதம் எடையைக் குறிக்கிறதா, கன அளவைக் குறிக்கிறதா என்று பார்த்த பிறகே சமன்பாடு எழுத வேண்டும்.