விழாத ரேகை

விரல்ரேகை அட்டை இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. ரேகை தெளிவாக இல்லையாம். மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு வரிக் கடிதம். சமையலறை விளக்கடியில் விரல்களை விரித்துப் பார்த்தேன். அறுவை அரங்கில் 19 வருடம். ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் கழுவிக் கழுவி நுனியெல்லாம் வழவழத்துப் போயிருந்தது.

அமெரிக்காவில் அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் நர்ஸ் நான். இந்த விரல்கள்தான் என் தொழில். நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்ததும் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை அழுத்த, மற்ற மூன்றும் தாடையெலும்பை மேலே தூக்கும். அடுத்த மூச்சு உள்ளே போவதைக் கண்ணுக்கு முன்பே கை அறிந்துவிடும்.

ஆலிஸ் மகாவின் கையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மின்னசோட்டாவில் அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்களிடம் வேலை பார்த்த நர்ஸ். பேச்சுக் கொடுத்தபடியே ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு உறங்க வைப்பார். 14,000 பேருக்கு மேல் மயக்கம் கொடுத்தும் அதனால் ஓர் உயிரும் போகவில்லை என்று 1906இல் எழுதினார். அவருக்கும் முன்னால், 1877இல், பென்சில்வேனியாவின் ஈரி நகரில் சிஸ்டர் மேரி பெர்னார்ட் இதே வேலையைச் செய்தார். அந்த மாநிலத்தின் சட்டத்தில் எங்கள் தொழிலுக்குப் பெயர் ஏறியது 2021இல்தான். படித்தபோது நெஞ்சு கனத்தது.

நர்ஸ் உரிமம், தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவம், மேற்படிப்பு, தேசியத் தேர்வு, அதன்பின் மாநில உரிமம். அத்தனையும் தேவைதான். முன்பின் அறியாத ஒருவர் தன் மூச்சை நம் கையில் விட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறார். ஆனால், என் நர்ஸ் உரிமம், உரிமங்களைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களிலெல்லாம் செல்லும்; மயக்கம் கொடுக்கும் உரிமம் மாநில எல்லையைத் தாண்டினால் செல்லாது. நாற்பது நிமிடத் தொலைவில், பக்கத்து மாநிலத்திலுள்ள சின்ன ஊர் மருத்துவமனைக்காக ரேகை அட்டையோடு எல்லாச் சான்றையும் புதிதாக அனுப்பினேன். அந்த ஊரில் இந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.

திரும்பி வந்த அட்டை அம்மாவை நினைவூட்டியது. பாவூர்சத்திரத்தில் அவள் முப்பது வருடம் பீடி சுற்றினாள். இலையும் தூளும் உருட்டி உருட்டித் தேய்ந்த விரல். ரேஷன் கடையில் ரேகை மெஷின் வந்த பிறகு ஒருநாள் போனில், "ரேகை விழமாட்டேங்கு தாயி, நாளைக்கு வாங்கான்" என்றாள். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஏதோ பேசினேன்.

இப்போது என் ரேகையும் விழவில்லை என்று சொன்னதும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "ராத்திரி தேங்கா எண்ணெய தேச்சுட்டுப் படு. காலைல துடைச்சுட்டு வை. எனக்கு அப்படித்தான் விழுந்துச்சு."

ஒரு வாரம் அப்படியே செய்தேன். மூன்றாவது அட்டையை ஏற்றுக்கொண்டார்கள். உரிமம் கைக்கு வருவதற்குள் நான்கு மாதம் போயிருந்தது. ஒரே தேர்வு எழுதிய எங்களுக்கு எல்லா மாநிலத்திலும் செல்லும் ஒரே உரிமம் வேண்டும். காத்திருந்தது நான் மட்டுமல்ல. அந்த ஊர் நோயாளிகளும்தான்.