இன்ஜின் குடிக்கும் எண்ணெய்

என் காருக்கு 9 வருடக் கடன். கடன் முடியும்வரை இன்ஜின் தாங்க வேண்டுமே! அதற்காகத்தான் வீட்டு வாசலிலேயே 'ஆயில் கேட்ச் கேன்' பொருத்தினேன்.

"நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்கும்மா இந்த டப்பா?" என்றார் அப்பா.

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு, எண்ணெய்த் துளிகளோடு பிசிவி வால்வு வழியே மறுபடி இன்ஜினுக்குள் போகிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வைக் கழுவாது. எண்ணெய் அங்கே கரியாகப் படியும். இந்த டப்பா அதில் ஒரு பகுதியை வழியிலேயே பிடித்துவிடும்.

இன்ஜின் ஆறியதும், பிசிவி வால்விலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, நடுவில் டப்பாவை இணைத்து, கிளிப்புகளை இறுக்கினேன். ஹோஸ் பெல்ட்டில் உரசக்கூடாது. வாரண்டி உள்ள வண்டியென்றால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்துத் திறந்தால், தே தாரிக் நிறத்தில் ஒரு குழம்பு! காலை நிகழ்ச்சிக்காக விடியுமுன்னே வானொலி நிலையம்வரை ஓட்டும் குறுகிய தூரத்தில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதில்லை. அதனால் எண்ணெயோடு நீரும் கலந்திருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "இதையா இத்தனை நாளா குடிச்சிச்சு?"

டப்பா நிரம்பினால் பிடித்ததெல்லாம் திரும்ப உள்ளேதான் போகும். மாதந்தோறும் அதைக் காலி செய்வது இப்போது அப்பாவின் பொறுப்பு. கழிவைக் கால்வாயில் ஊற்றாமல், போத்தலில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்துவிடுகிறார்.