அழைத்து ஆடும் ஆட்டம்

விளையாடி வரும் மாணவரைக் கண்டால், "வென்றீர்களா?" என வினாவுவார் பலர், "யாருடன் ஆடினீர்கள்?" என வினாவுவார் சிலரே. தமிழ் கற்பிக்கும் எனக்கு உதைபந்தாட்டக் குழுவின் பொறுப்பும் வாய்த்தமையால், பின்னைய வினாவே பெரிதென உணர்ந்துள்ளேன்.

பாடசாலைப் போட்டிகள் வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக நடைபெறுவன. யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் உள. நல்லூர் யாழ்ப்பாண வலயத்துள் அடங்கும். உதைபந்தாட்டத்திற் புகழ்பெற்ற தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி வலிகாம வலயத்தது. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி வடமராட்சி வலயத்தது. இரு பக்கத்தாரும் வென்று மேலேறினாலன்றி இப்போட்டிகளில் ஒருவரையொருவர் சந்தித்தல் அரிது. தோற்றவர் விலகும் முறையில் முதலாட்டத்தில் வீழ்ந்தாலோ, ஓராண்டுப் பயிற்சி ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

அவ்வாறு தோற்ற மறுநாள், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், இனி இந்த வருஷம் மாட்ச் இல்லையோ?" என்று கேட்டான். அவனுக்கு அடுத்த ஆண்டு என்பதில்லை. அன்றிரவே வேறொரு வலயத்துப் பாடசாலைக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் வந்தார்கள், ஆடினார்கள், வென்றும் சென்றார்கள். ஆட்டம் முடிந்து இரு குழுவினரும் வடையும் தேநீரும் பகிர்ந்துண்டபோது, தோற்ற நம் பிள்ளைகளின் முகத்தில் வாட்டம் இருக்கவில்லை.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்புகளாகப் பிரிந்து தம் நாட்டு உதைபந்தாட்டத்தை ஆடுவன. கூட்டமைப்பு மாறினால் எதிராளிகளும் மாறுவர். ரெக்சாஸ் பல்கலைக்கழகமும் ரெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 1894 இல் முதன்முதல் மோதின. பின்னையது 2012 இல் வேறு கூட்டமைப்பிற் சேரவே, 2011 ஆட்டத்தோடு அவ்வுறவு அறுந்தது. முன்னையதும் 2024 இல் அங்கே சேர்ந்த பின்னரே மீண்டும் ஆடின. இடைப்பட்ட பன்னிரண்டு பருவங்களிலும் கூட்டமைப்புக்குப் புறம்பாக ஆட விதி எதுவும் தடுக்கவில்லை. நாள் குறிக்க இருவர் மனமும் ஒருப்படவில்லை.

நம்மூரின் யாழ். மத்திய கல்லூரியையும் பரி. யோவான் கல்லூரியையும் நோக்குக. 1904 முதல் அவை ஆடிவரும் துடுப்பாட்டமாகிய 'வடக்கின் பெரும்போர்' எந்தச் சுற்றுப்போட்டியையும் சார்ந்து நிற்பதன்று. யுத்தத்தால் சில ஆண்டுகள் தடைப்பட்டும் அது மீண்டெழுந்தது. நிரல் அதனைக் காக்கவில்லை. இரு கல்லூரிகளும் அவற்றின் பழைய மாணவருமே காத்தனர்.

நாள் காண்பது எளிதன்று. இல்ல மெய்வல்லுநர் போட்டி, தவணைப் பரீட்சை, நல்லைக் கந்தனின் 25 நாள் மகோற்சவம், மார்கழி வரை மைதானத்தை நனைக்கும் மாரி ஆகியவற்றைக் கழித்தால் எஞ்சும் சனிக்கிழமைகள் சிலவே. ஆதலின் ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு நாள்களை ஒதுக்கி, அயல் வலயத்துப் பாடசாலைகள் இரண்டோடு, ஓராண்டு இங்கும் மறு ஆண்டு அங்கும் ஆடுவதாக எழுத்தில் உடன்பட்டு வைத்தல் நன்று. பொறுப்பாசிரியர் மாறினும் அவ்வேடு மாறாது.

பழைய மாணவ அன்பர்களே, கிண்ணம் வழங்குவோர் பலர் உளர். இரண்டு பேருந்துப் பயணத்தின் கூலியை ஏற்போர் வேண்டும். வெற்றியை வாங்கித் தர எவராலும் இயலாது. எதிராளியை அழைத்துத் தர உங்களால் இயலும்.