மண்வெட்டியும் தோட்டமும்

கொழும்பு மாநகரிலே 'தோட்டம்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒரே குழாயைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் நெருக்கமான குடியிருப்பையே இங்கே தோட்டம் என்கிறோம். அங்கே செடி நட ஒரு சாண் மண் காண்பதும் அரிது. தெமட்டகொடையில் பல்லாண்டுகள் வாழ்ந்திருந்தும், இச்சொல்லில் உள்ள கசப்பை நான் உணர்ந்தது 2022ஆம் ஆண்டிலேதான்.

நாட்டின் அடுப்புகள் அணைந்துகொண்டிருந்த காலம் அது. முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த அரசு, அவ்வாண்டு முடியுமுன்னரே தடையை நீக்கிக்கொண்டது. ஆனால் வயல்கள் பட்ட அடி நீங்கவில்லை. அன்னியச் செலாவணியும் வற்றிப்போயிற்று. 2022 ஜூன் மாதத்தில், வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அமைச்சரவை தீர்மானித்தது. எழுதுவினைஞனாகிய எனக்கும் அது கிடைத்தது.

மழை பெய்து மண் இளகியிருந்தது. புறக்கடையில் கத்தரியும் மிளகாயும் நட எண்ணி மண்வெட்டியை எடுத்தேன். இரண்டாம் வெட்டிலேயே பிடி கழுத்தோடு ஒடிந்தது. கடையிலே விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பினேன்.

புகையிரதப் பாதைக்கு அருகே, பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் சாக்கு விரித்து அமர்ந்திருப்பார். உள்ளே இறுகிய கட்டையை நெருப்பிலிட்டு எரித்துவிடலாமே என்றேன்.

"தீயில போட்டா இரும்போட பதம் போயிடுமுங்க ஐயா" என்று அவர் சிரித்தார்.

உளியால் கட்டையைச் சிறுகச் சிறுகப் பெயர்த்தார். வைரம் பாய்ந்த புதுப் பிடியைச் சீவிச் செருகி ஆப்பு இறுக்கினார். அரத்தால் வாயைத் தீட்டினார். "ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போடுங்க. கட்ட ஊதிக்கிட்டு நல்லாப் புடிச்சுக்கும்."

"இவ்வளவும் எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டேன்.

"அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல. எங்கப்பா முப்பது வருசம் மண்வெட்டி புடிச்சாரு. ஒரு அடி மண்ணு அவருக்குச் சொந்தமில்லீங்க. இப்ப நானும் தோட்டத்துலதான் இருக்கேன், இந்தத் தெமட்டகொடத் தோட்டத்துல!"

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. மலையகத்தைக் காடழித்துப் பொன் விளையும் பூமியாக்கிய கருவி மண்வெட்டி. ஆங்கிலத் துரைமாரும் தமிழ்ச் சொல்லையே திரித்து அதனை 'மமட்டி' என்று வழங்கினார்கள். சொல்லை எடுத்துக்கொண்டவர்கள், அதைப் பிடித்த கைக்கு நிலத்தைக் கொடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் ஆக்கியது.

எனக்கு வெள்ளிக்கிழமை சம்பளத்தோடு விடுமுறை. அவருக்கோ வேலையில்லாத நாள் அடுப்பெரியாத நாள். பயிரிடும் வித்தை கைவந்தவர் அவர். மண்ணோ என்னிடம் இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய ஆண்டினும் 94.9 சதவீதம் உயர்ந்தன. அந்த விலையை எங்கள் இருவருள் எவர் வயிறு கட்டியது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

அந்த மண்வெட்டியின் பிடி இன்றும் ஆடவில்லை. ஒவ்வொரு நடுகைக் காலத்திலும் அதைக் கையில் எடுக்கும்போது கூசுகிறேன். ஒடிந்த பிடியைச் சீர்செய்ய அவருக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது. அவருக்கு உரிய ஓரடி மண்ணைக் கொடுக்க இந்த நாட்டுக்கு இன்னும் எத்தனை தலைமுறை வேண்டும்?