வறுமையும் மனைவாழ்க்கையும்

வறுமை ஒரு மனையுட் புகுங்கால் முதற்கண் தாயின் உண்கலத்தையே வெறிதாக்கும். மக்கள் அதனைப் பின்னரே உணர்வர். 2012-ஆம் ஆண்டில் யான் ஆசிரியனாயிருந்த சிற்றூர்ப் பள்ளியில், சத்துணவில் இட்ட முட்டையை உண்ணாது, தாளிற் பொதிந்து அன்னைக்கென மறைத்து வைத்தான் ஒரு சிறுவன். வினவியபோது, “எனக்குப் பசியில்லை ஐயா” என்றான். அப்பொய்யை அவன் யாண்டுக் கற்றனன்? நாடோறும் அங்ஙனமே கூறித் தன் பங்கை அவனுக்கு ஈந்த அவ்வன்னையிடத்தன்றோ! வாய்மை கற்பிக்கும் கடப்பாடுடைய எனக்கு அவனைக் கடிய நா எழவில்லை.

1956-இல் காமராசர் ஆட்சியிற் பரவிய பகலுணவும், 1982-இல் விரிந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலையுணவும் இத்தகைய சிறார்க்குப் பெருந்துணையாயின, மறுப்பாரிலர். ஆயின் பள்ளியில்லா நாட்களில் அவர்தம் அடுப்பு எரிந்ததோவென வினவுவார் யார்? திங்கட்கிழமைதோறும் உணவு வரிசையின் முன்னே விரைந்து நிற்கும் சிறார் சிலரை ஆசிரியர் பலரும் அறிவர்.