என் முதல் வண்டி, ஒரு பழைய புல்லட்

மேலகரத்தில் சாரல் தொடங்கினால் இரும்புக்கு ஆகாது. அதனால் இந்த எண்பதுகளின் புல்லட் 350-இல் முதலில் துருவைத்தான் சுரண்டினேன், பெயின்ட் அப்புறம்தான். திருவொற்றியூரில் பிறந்த வண்டி. 346 சிசி; போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. அந்த நீண்ட ஸ்ட்ரோக்தான் அதன் நிதானமான துடிப்புக்கு முக்கியக் காரணம், எனக்கு உயிர் அதில்தான்! பாயின்ட் இடைவெளியைச் சரியாக வைத்ததும் ஒரே உதையில் ஸ்டார்ட்.

வலது கால் கியர், இடது கால் பிரேக் அப்படியே இருக்கட்டும். என் ஆசைக்கு ஒற்றை சீட்டும் அகலமான ஹேண்டில்பாரும் மட்டும். சைலன்சரைத் தொடவே மாட்டேன்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸி எண்களை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 15 வருடம் தாண்டினால் 5 வருடத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கணும். சீசனில் ஐந்தருவி ரோட்டில் பார்த்தால் நிறுத்துங்கள், பேசுவோம்.